குண்டு பெரிதா, தண்டு பெரிதா?

சைக்கிளின் செயின் வலப்பக்கம்தான் இருக்கிறது. அப்படியானால் இடது காலால் மிதிக்கும் விசை அதற்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

பெடல்களைத் தாங்கும் இரண்டு கிராங்குகளுக்கும் நடுவே ஒரு குறுக்குத் தண்டு உண்டு. கடைக்காரர்கள் அதை ‘பிபி ஆக்சில்’ என்பார்கள். இடது காலின் விசை இந்தத் தண்டை முறுக்கித்தான் வலப்பக்கம் போகிறது. 40 கிலோ எடையுள்ள நீங்கள் 17 செ.மீ. கிராங்கின் மேல் எழுந்து நின்று மிதித்தால், 1 மீட்டர் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 7 கிலோவைத் தொங்கவிட்ட அளவுக்குத் தண்டு முறுக்கப்படும்.

தண்டைத் தடிமனாக்கினால் முறுகல் குறையும். விட்டம் 2 மடங்கானால் முறுகல் 16-இல் ஒரு பங்காகிவிடும்!

அப்புறம் என்ன, தடித்த தண்டே போடலாமே? அங்கேதான் சிக்கல். தண்டு எளிதாகச் சுழல அதைச் சுற்றி எஃகுக் குண்டுகள் வேண்டும். தண்டும் குண்டும் சைக்கிள் சட்டத்தில் உள்ள சுமார் 34 மி.மீ. குழாய்க்குள் அடங்கியாக வேண்டும். தண்டு பருத்தால் குண்டு சிறுக்கும். சிறிய குண்டு சீக்கிரம் தேயும்.

பழைய கறுப்பு சைக்கிளில் மெல்லிய தண்டு, பெரிய குண்டு. கிராங்கை ‘காட்டர் பின்’ என்ற ஆப்பு பிடித்திருக்கும். சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் எந்த ஊரிலும் சரிசெய்யலாம். ஆனால் பின் தேய்ந்தால் மிதிக்கு மிதி ‘லொடக்’தான்.

அடுத்து வந்தது சதுர முனைத் தண்டு. கூம்பிய சதுரத்தில் கிராங்கைச் செருகி போல்ட்டால் இறுக்குவார்கள். பின்னும் இல்லை, லொடக்கும் குறைவு.

சில சிறுவர் சைக்கிள்களில் தண்டும் கிராங்குகளும் ஒரே எஃகுக் கம்பியை வளைத்துச் செய்தவை. வளைந்த கம்பி நுழைவதற்காகக் குழாயையே 51 மி.மீ. அளவுக்கு அகலமாக்கிவிட்டார்கள். இணைப்பே இல்லாததால் கழன்றுவிடும் பயமில்லை, கனம்தான் அதிகம்.

2003 வாக்கில் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் குண்டுகளைக் குழாய்க்கு வெளியே கொண்டுவந்தது. உள்ளே இடம் கிடைத்ததால் 24 மி.மீ. தண்டு நுழைந்தது. அதுவும் உள்ளீடற்றது! ஒரு தண்டில் பாதி விட்டத்துக்குத் துளை போட்டால் எடை 4-இல் ஒரு பங்கு குறையும். விறைப்போ 16-இல் ஒரு பங்குதான் குறையும். ஆனால் வெளியே இருக்கும் குண்டுகளைச் சேறும் தண்ணீரும் எளிதில் எட்டும்.

அமெரிக்காவின் கேனன்டேல் 2000-இலேயே குழாயை அகலமாக்கி 30 மி.மீ. தண்டு வைத்திருந்தது. மரையில்லாமல் அழுத்திப் பொருத்தும் முறை அது. அளவு துளி பிசகினாலும் ‘கிரீச்’ என்று முனகும்.

எது சிறந்தது? பந்தயக்காரருக்கு எடை குறைந்த, முறுகாத தண்டு. மூட்டை ஏற்றிப் போகிறவருக்குத் தெருமுனையிலேயே பழுது பார்க்கக்கூடிய காட்டர் பின்.

இன்று உங்கள் சைக்கிளின் கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் குண்டுகளைத் தாங்கும் ‘பிபி கப்’பை இறுக்க வேண்டியிருக்கலாம், குண்டும் தேய்ந்திருக்கலாம். கடைக்காரர் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று, உங்கள் தண்டு எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்!