அடுத்த வீட்டுக் கிணறும் ஆர்க்கிடெக்டின் பிளானும்

‘ஆர்க்கிடெக்ட் பிளானைத் திருத்தினால், தூணும் பீமும் வரைந்திருக்கும் எங்கள் டிராயிங்கிலும் அது தானாக மாறிவிடும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். பிறகு ஏன் சைட்டில் பழைய பிளானை வைத்துச் சுவர் எழுப்பிவிட்டு இடிக்கிறார்கள்?’ சிவில் படிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது.

வகுப்பில் சொல்வதும் உண்மை, சைட்டில் நடப்பதும் உண்மை. இரண்டுக்கும் காரணம், ஆட்டோகேடில் எக்ஸ்ரெஃப் என்று அழைக்கப்படும் ஏற்பாடு. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஆர்க்கிடெக்டின் பிளானை எக்ஸ்ரெஃபாகச் சேர்க்கும்போது, அதிலுள்ள சுவரும் கதவும் அவருடைய ஃபைலுக்குள் குடியேறுவதில்லை. மூல ஃபைல் எந்த ஃபோல்டரில் என்ன பெயரில் இருக்கிறது, அதை எந்தப் புள்ளியில், எந்த அளவில், எந்தக் கோணத்தில் வைப்பது என்ற விவரங்களே முக்கியமாகப் பதிவாகின்றன. டிராயிங்கைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அந்த முகவரிக்குப் போய், அந்த நேரத்தில் அங்கே இருப்பதை எடுத்துவந்து காட்டுகிறது.

அடுத்த வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு இறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கைத் திறந்தபோது வந்தது ஒரு வாளித் தண்ணீர். அதன்பின் கிணற்றில் புது ஊற்று வந்தாலும் வாளிக்குத் தெரியாது. ரீலோட் என்பது வாளியை மறுபடி இறக்குவது. அன்லோட் செய்தால் கயிறு மட்டும் தொங்கும். டிட்டாச் செய்தால் கயிறும் போய்விடும். பைண்ட் செய்வது தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி மூடிவிடுவது: பிறகு கிணறு என்ன ஆனாலும் தொட்டி மாறாது. உங்கள் வழியாக மூன்றாம் வீட்டுக்காரரும் இறைக்கலாம் என்றால் அட்டாச். உங்களோடு நிற்கட்டும் என்றால் ஓவர்லே. ஆர்க்கிடெக்ட் உங்கள் டிராயிங்கையும் நீங்கள் அவருடையதையும் அட்டாச் செய்தால், இருவரும் ஒருவர் வாளியிலிருந்து மற்றவர் மொள்ளும் நிலைதான். அந்தச் சுழற்சியைத் தவிர்க்கவே ஓவர்லே.

இந்த ஏற்பாட்டில் என்னை வியக்க வைப்பது, மென்பொருள் ‘அதே பிளான்’ என்று எதை நம்புகிறது என்பது. ஃபைலின் பெயரையும், அதன் ஆயத்தொலைவுகள் தொடங்கும் ஆதிப்புள்ளியையும் மட்டுமே அது நம்புகிறது. உள்ளே இருப்பது அதே கட்டடமா என்று பார்ப்பதே இல்லை.

திருத்திய பிளான் வருகிறது. பெயரின் வாலில் தேதி ஒட்டியிருக்கிறது. ஒழுங்கான பழக்கம்தான். ஆனால் கயிறு பழைய பெயரில் அல்லவா கட்டியிருக்கிறது! புது ஃபைலைப் பக்கத்திலேயே வைத்தாலும் டிராயிங் பழைய பிளானையே காட்டும். பழைய ஃபைலை நீக்கியிருந்தாலாவது ‘கிடைக்கவில்லை’ என்ற செய்தி வரும். அது பத்திரமாக இருப்பதால் எந்த எச்சரிக்கையும் வராது.

ஆதிப்புள்ளி இன்னும் நுட்பமானது. ஆர்க்கிடெக்ட் தன் வசதிக்காகப் பிளான் முழுவதையும் நகர்த்திச் சேமித்தால், உங்கள் தூண்கள் இருந்த இடத்திலேயே நிற்கும், சுவர்கள் மட்டும் தள்ளிப் போகும். பத்து மீட்டர் தள்ளினால் கண்ணில் படும். அரைச் செங்கல் கனமான 115 மில்லிமீட்டர் தள்ளினால், யார் கண்ணில் படும்?

ஆகவே வந்த ஃபைலைத் தேதியிட்ட ஃபோல்டரில் தொடாமல் வைக்க வேண்டும். அதன் பிரதிக்கு என்றும் மாறாத ஒரு பெயர் கொடுத்து, எல்லோரும் பயன்படுத்தும் ஃபோல்டரில் பழையதற்குப் பதிலாக வைக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு கிரிட் சந்திப்புகளின் ஆயத்தொலைவுகள் பழையபடியே இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அண்மைக்காலப் பதிப்புகளில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, நீங்கியதைச் சிவப்பிலும் சேர்ந்ததைப் பச்சையிலும் காட்டும் வசதி இருக்கிறது. அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வரலாறு சுருக்கமாக. மூலப் படத்தை மாற்றினால் அதன் நகல்களெல்லாம் மாறும் என்பதை எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் 1963-லேயே ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில் செய்துகாட்டினார். ஆட்டோகேட் 1982-ல் வந்தது; எக்ஸ்ரெஃப் 1990-ல், அதன் 11-ஆம் வெளியீட்டில் சேர்ந்தது.

இப்போது கிளவுட், பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி, செயற்கை நுண்ணறிவு என்று ஒவ்வொரு விளம்பரமும் ‘இனிக் குழப்பமே இல்லை’ என்கிறது. ஆனால் ஏர்பஸ் ஏ380 விமானத்தை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருந்த ஏர்பஸ் குழுக்கள் கேட்டியா மென்பொருளின் பழைய பதிப்பில் வரைந்தன, பிரான்ஸிலும் பிரிட்டனிலும் இருந்தவை புதிய பதிப்பில். மாற்றங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. ஒரு விமானத்துக்குச் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். ஹாம்பர்க்கில் கட்டிய ஒயர் தொகுதிகள் துலூஸில் பொருத்தப்போனபோது நீளம் போதவில்லை. 2006-ல் வெளியே தெரிந்த இந்தச் சிக்கல் விமானத்தை ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதப்படுத்தியது. விலை உயர்ந்த மென்பொருள் இருபுறமும் இருந்தும் நடந்தது இது.

எக்ஸ்ரெஃப் ஒழுங்காக வேலை செய்யும்போதும் ஒரு குறை மிச்சமிருக்கிறது. கழிப்பறைச் சுவர் நகர்ந்ததை அது திரையில் காட்டும். அந்தச் சுவரைத் தாங்கும் பீம் நகர வேண்டுமா, கழிவுக் குழாய் இப்போது பீமை முட்டுகிறதா என்று கேட்காது. சைட்டுக்குப் போன காகித பிரின்டும் தானாக மாறாது. ஒவ்வொரு ரீலோடுக்கும் பின்னால் என்ன மாறியது, யார் யாருக்குச் சொன்னோம், எந்தப் பழைய பிரின்டைத் திரும்ப வாங்கினோம் என்று நாலு வரி எழுதிவைக்க வேண்டும். கட்டளைகளைச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் இந்த நாலு வரிக்கும் மதிப்பெண் ஒதுக்கட்டும்.