ஒத்த நாத்து... ஊருக்கு ஒரு கணக்கு!

ஏக்கருக்கு 25, 30 கிலோ விதைநெல் விட்டுப் பழகிய வீட்டில் போய், இரண்டு மூன்று கிலோ போதும் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம், 'பரிசோதனைக்கு எங்க வயல்தான் கிடைச்சுதா?' என்று கேட்பார்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு போகம் தப்பினால், அடுத்த போகம் வரைக்கும் கடன்தான்.

தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவு காலூன்றியது இந்தச் சந்தேகங்களுக்கு நடுவேதான். வேளாண் துறை ஏட்டில் அதன் பெயர் 'திருந்திய நெல் சாகுபடி'. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010-ல் 'ராஜராஜன் 1000' என்றும் பெயர் வைத்தார்கள். வயலில் என்னவோ அது 'ஒத்த நாத்து'தான்.

அப்படி என்ன புதுசு?

வழக்கமான நடவில் 25, 30 நாள் நாற்றைப் பறித்து, மூன்று நான்காகச் சேர்த்து நெருக்கி நடுவார்கள். வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும்.

இதில் எல்லாமே தலைகீழ். 14 நாள் நாற்று. குத்துக்கு ஒன்று. குத்துக்குக் குத்து 22.5 சென்டிமீட்டர், சதுரமாக. மண்ணில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். களையைக் கையால் பறிக்காமல், கோனோவீடரை உருட்டி மண்ணுக்குள்ளேயே அமுக்கிவிட வேண்டும். இளம் நாற்று வேர் அறுபடாமல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இடமும் காற்றும் இருப்பதால் நிறையத் தூர் கட்டும்.

'நண்டு ஓட நெல்லு, நரி ஓட கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓட தென்னை' என்று இடைவெளிக்குக் கணக்கு சொன்ன ஊர்தானே இது? நண்டு ஓடும் இடத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார்கள், அவ்வளவுதான்.

முறை பிறந்தது மடகாஸ்கரில். ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், அங்கத்திய விவசாயிகளோடு பல வருடம் வயலில் நின்றவர். 1983-ல் பருவம் குழப்பியதால், 15 நாள் நாற்றையே நட வேண்டியதாகிவிட்டது. போச்சு என்று நினைத்த பயிர் தூர் கட்டித் தள்ளியது. ஆக, இந்த முறையே சூழ்நிலைக்கு வளைந்து கொடுத்ததில் பிறந்ததுதான்.

பத்து மூட்டை கூடுதல்

2003-04-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனத்தில் 100 விவசாயிகளின் வயலில் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வழக்கமான நடவில் ஹெக்டேருக்கு சராசரி 5,657 கிலோ. ஒற்றை நாற்றில் 7,227 கிலோ. ஏக்கர் கணக்கில் பார்த்தால், 60 கிலோ மூட்டையில் பத்து மூட்டைக்கு மேல் கூடுதல்.

அப்படியானால் ஏன் எல்லா வயலிலும் இதைப் பார்க்க முடிவதில்லை? பாடத்தில் ஒரே முறைதான். வயல் ஊருக்கு ஊர் வேறு.

விதையில் ஒரு கணக்கு

இரண்டு கிலோ விதைக் கணக்கு சரிதான். ஆயிரம் நெல் சுமார் 22 கிராம் என்றால், இரண்டு கிலோவில் 90,000 நெல். ஏக்கருக்குத் தேவை 80,000 குத்து. ஆனால் முளைக்காத விதை உண்டு. இளம் நாற்றை நண்டு வெட்டும், எலி கடிக்கும். அதனால் பலர் மூன்று, நான்கு கிலோ விடுகிறார்கள். குத்துக்கு இரண்டு நாற்று வைக்கிறார்கள். வரப்போரம் கொஞ்சம் நாற்றைச் செருகி வைத்து, பழுது விழுந்த இடத்தில் நடுகிறார்கள்.

நாற்றங்கால் வீட்டுப் பக்கத்துக்கே வந்துவிட்டது. பிளாஸ்டிக் தாள், இல்லையென்றால் பிரித்த உரச்சாக்கு. அதன் மேல் மண்ணும் மக்கிய எருவும். ஏக்கருக்கு ஒரு சென்ட் இடம் போதும். நாற்றைப் பாய் போல எடுத்து வயலுக்குக் கொண்டுபோகலாம்.

தண்ணீர் நம் கையிலா?

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட, மடை நம் கையில் இருக்க வேண்டும். கிணறு, போர் வைத்திருப்பவருக்கு அது முடியும். டெல்டாவில் ஒரு வயல் நிரம்பி அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகும் இடத்தில், என் வயல் மட்டும் காயட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. கடைமடையில் நிலைமை இன்னும் சிரமம். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் 14 நாள் நாற்று 25 நாள் ஆகிவிடும். அதற்குத்தான் ஒரே நாளில் விதைக்காமல் இரண்டு மூன்று தவணையாக விடுவது, போர் இருப்பவர் நிலத்தில் பலர் சேர்ந்து நாற்று விடுவது எல்லாம்.

பருவமும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சம்பா வயலில் தண்ணீர் கட்டினால், விரல் நீள நாற்று மூழ்கிவிடும். குறுவையிலும் நவரையிலும் ஒற்றை நாற்று நடுகிறவர், பள்ளக்கால் வயலில் சம்பாவுக்கு மட்டும் வளர்ந்த நாற்றை எடுப்பது அதனால்தான்.

எப்போது தண்ணீர் விடுவது என்ற குழப்பத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான பிவிசி குழாயில் ஓட்டை போட்டு, பாதிக்கு வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் அடுத்த பாய்ச்சல். பூக்கும் நேரத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

களை யார் எடுப்பது?

அதிகம் பேசப்படாத விஷயம் இது. கை களை எடுத்தது பெண்கள். இடுப்பொடியும் வேலைதான், ஆனால் அவர்கள் கைக்கு வந்த கூலி. கோனோவீடர் வந்ததும் பல ஊர்களில் அது ஆண்கள் வேலையாகிவிட்டது. பெண்களுக்குக் குனிகிற வலி குறைந்தது. சம்பள நாளும் குறைந்தது. களிமண்ணில் அந்தக் கருவியை இழுத்துத் தள்ளுவது ஆண்களுக்கே மூச்சு வாங்கும்.

நடவிலும் சிக்கல். கயிறு பிடித்து, ஒற்றை நாற்றை எண்ணி வைக்க நேரமாகும். பழகாத ஆட்கள் முதல் வருடம் கூலி கூடக் கேட்பார்கள், கேட்பதும் சரிதான். இதற்கும் வயலில் சமரசம் உண்டு. சதுரமாக நடாமல் ஒரு பக்கம் மட்டும் வரிசை பிடிக்கிறார்கள். கருவி ஒரு திசையில் ஓடினால் போதும், மிச்சக் களையைக் கையால் எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. எடை குறைந்த கருவியைத் தேடுகிறவர்கள் உண்டு. ஆள் கிடைக்காத ஊரில், பாய் நாற்றங்காலை மட்டும் வைத்துக்கொண்டு நடவு இயந்திரத்துக்கு மாறியவர்களும் உண்டு.

பாடத்தை வைத்துப் பார்த்தால் இவர்கள் பாதி முறையைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் விதைச்செலவு குறைந்திருக்கிறது, தண்ணீர் மிச்சமாகிறது, பயிர் பக்கவாட்டில் விரிந்து நிற்கிறது. எது தன் மண்ணுக்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்து எடுத்ததைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

முதல் தடவை நடுகிறீர்களா?

முழு வயலிலும் இறங்க வேண்டாம். ஒரு மா, அதாவது 33 சென்ட் போதும். மேடு பள்ளம் இல்லாமல் பரம்பு அடித்த, வடிகால் உள்ள துண்டாகப் பாருங்கள். நாற்றைப் பறித்த அரை மணி நேரத்துக்குள், மேலாக நட்டுவிடுங்கள். பத்தாம் நாள் முதல் களைக்கருவி. பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை. பக்கத்திலேயே பழைய முறையிலும் ஒரு துண்டு இருக்கட்டும். அறுவடையன்று இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நட்ட முதல் இருபது நாள் வயல் வெறிச்சென்று கிடக்கும். வரப்பில் போகிறவர், 'நட்டாச்சா, இனிமேதானா?' என்று கேட்டுவிட்டுப் போவார். வீட்டிலும் முணுமுணுப்பு எழும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பதாம் நாள் அதே ஆள் வரப்பில் நின்று, ஒரு குத்தைப் பிடித்துத் தூர் எண்ணிக்கொண்டிருப்பார்.