240 டாலர் சிபி/எம்

1974-இல் கலிஃபோர்னியாவில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் இயங்குதளத்தில் எனக்குப் பிடித்தது ‘பிப்’ கட்டளை. கோப்பை நகலெடுக்க, போய்ச் சேரும் வட்டை முதலில் சொல்ல வேண்டும்: ‘பி:=ஏ:’ என்று. தலைகீழ்தான், ஆனால் கை பழகிவிடும்.

கில்டாலின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. வட்டு, விசைப்பலகை, திரையோடு நேரடியாகப் பேசும் வேலையை ‘பயாஸ்’ என்ற சிறு பகுதியாகத் தனியே பிரித்தார். புதுக் கணினி வந்தால் அதை மட்டும் மாற்றி எழுதினால் போதும். வேர்ட்ஸ்டார் சொற்செயலி போன்ற மென்பொருள்கள் பெரிதாக மெனக்கெடாமல் ஓடும்.

1981-இல் ஐபிஎம் பிசி வந்தது. அதற்கான இயங்குதளங்களில் மைக்ரோசாஃப்டின் டாஸ் 40 டாலர். தாமதமாக வந்த சிபி/எம்-86, 240 டாலர். கில்டால் விமானம் ஓட்டப் போய் ஐபிஎம் தந்த வாய்ப்பைக் கோட்டைவிட்டார் என்று கதை கட்டுகிறார்கள். டாஸ் வென்றதற்குக் காரணமாக எனக்கு இந்த விலைப்பட்டியலே போதும். இத்தனைக்கும் எட்டெழுத்துக் கோப்புப் பெயர், மூன்றெழுத்துப் பின்னொட்டு உட்பட பலவற்றை டாஸ் சிபி/எம்-மிடமிருந்தே எடுத்துக்கொண்டது.