தரகர் யார் பக்கம்?

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகும் சாலையில் மனை பார்க்க வருகிறவரிடம் தரகர் முதலில் பேசுவது படகுத் துறையைப் பற்றித்தான். "போட்டிங் பக்கத்துலயே சார். ரிசார்ட்காரங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க. ரெண்டு வருஷத்துல விலை எங்கயோ போயிடும்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் மனையிலிருந்து உப்பங்கழி எத்தனை மீட்டர், பக்கத்து வாய்க்காலில் அலையேற்றத் தண்ணீர் ஏறுமா என்று கேட்டால் பேச்சு பட்டாவுக்குத் தாவி, "எல்லாம் கிளியர் சார்" என்று முடிந்துவிடும்.

அந்த 'கிளியர்' யாருடைய வாக்கு? சொத்தைச் சரிபார்ப்பது தரகரின் வேலை என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். ஆள் பிடித்துக் கொடுப்பது மட்டுமே தன் வேலை என்று தரகர் நினைக்கிறார். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் கமிஷன். இத்தனை சதவீதம் என்று தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு சதவீதம், சில இடங்களில் இரண்டு என்பதெல்லாம் வழக்கம்தான், பேசிக் குறைக்கலாம். என்னைக் கேட்டால், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளை ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிவந்து நிறுத்துகிற தரகருக்கு ஒரு சதவீதம் அதிகமே இல்லை. தொந்தரவு வெளியில் தெரிகிற கமிஷனால் வருவதில்லை.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். விற்பவர் "என் கைக்கு இருபது லட்சம் வந்தா போதும், மேல எவ்வளவு வந்தாலும் நீங்க பாத்துக்குங்க" என்கிறார். தரகர் வாங்குபவரிடம் இருபத்துமூன்று என்கிறார். இடையில் நிற்கும் மூன்று லட்சத்தோடு, வாங்குபவரின் கமிஷனும் தனியாக வந்து சேர்கிறது. விற்பவர் சம்மதித்துச் சொன்னதால் அவருக்கு இதில் பெரிதாகப் புகார் இல்லை. வாங்குபவரோ, விலையைக் குறைத்துத் தரச் சொல்லி, விலை ஏறினால் மட்டுமே லாபம் காணும் ஒருவருக்கே கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தரகரே தன் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ அக்ரிமென்ட் போட்டுக்கொண்டு சொத்தைக் கைமாற்றி விடுவதும் நடக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. முகவர் தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் கிடைத்த லாபத்தை அவரிடம் கேட்கலாம் என்கிறது பிரிவு 216. முக்கியமான விஷயத்தை நேர்மையில்லாமல் மறைத்திருந்தால் அந்த வியாபாரத்தையே மறுக்க பிரிவு 215 இடம் தருகிறது. நம்மூரிலிருந்து பலர் வேலைக்குப் போயிருக்கும் சிங்கப்பூரில் ஒரே தரகர் ஒரே சொத்தில் இரு தரப்புக்கும் வேலை செய்வதற்கே தடை உண்டு. விற்பனைப் பணத்தை அவர் கையால் வாங்கவும் கூடாது. இங்கே அந்தத் தடை இல்லாததால் நாமே கேட்டாக வேண்டும்: "எங்க ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து உங்களுக்கு எவ்வளவு? இந்த இடத்துல உங்க வீட்டாளுங்க யாருக்காவது பங்கு இருக்கா?" நேராகப் பதில் சொல்லாதவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

ரெரா இருக்கிறதே என்பார்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது, தமிழ்நாட்டு விதிகள் 2017-இல். மனைப்பிரிவிலோ அடுக்ககத்திலோ விற்றுத் தரும் தரகர் ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும், தான் முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும், பதிவாகாத மனைப்பிரிவை விற்கவே கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் மனைப்பிரிவு போட்டவர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் முடியாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டர் வரை, அதாவது பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல் வரையிலான திட்டங்களுக்குப் பதிவு தேவையில்லை. சிதம்பரம் தேரோடும் வீதிகளை ஒட்டிய பழைய ஓட்டுவீடும் அண்ணாமலைநகரில் ஓய்வுபெற்றவர் விற்கும் தனிவீடும் எந்தத் 'திட்டத்திலும்' வராதவை. இங்கே நடக்கும் விற்பனைகளில் பல அப்படிப்பட்டவைதான். அவற்றை முடித்துத் தருபவருக்கு உரிமமும் இல்லை, பதிவும் இல்லை. அவரைக் கட்டுவது மேலே சொன்ன 1872 சட்டமும், காசு வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும்தான். அங்கே போக ரசீது வேண்டும். கமிஷனுக்கு ரசீது தரும் தரகர் அபூர்வம் என்பதால், பணத்தை வங்கிக் கணக்கிலோ கூகுள் பேயிலோ, எந்தச் சொத்துக்கென்று குறிப்புப் போட்டு அனுப்புவது புத்திசாலித்தனம். அக்ரிமென்ட் அன்று பாதி, பத்திரப்பதிவு அன்று மீதி என்று முதலிலேயே எழுதிக்கொள்ளலாம்.

தனிவீடு விற்றுத் தருபவரிடம் என்ன எதிர்பார்க்கலாம்? உத்தரவாதத்தை அல்ல, தெரிந்ததை மறைக்காமல் சொல்வதையும், காகிதங்களை முன்பணத்துக்கு முன்பே கொண்டுவந்து வைப்பதையும். மூலப்பத்திரம், பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றின் நகல்களை வாங்கிப் பாருங்கள். 'அ' பதிவேட்டில் நஞ்சை என்று இருந்து, தரகர் மனை என்று சொன்னால், நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் மனைப்பிரிவு ஒப்புதலுக்கும் உத்தரவு எங்கே என்று கேட்க வேண்டும். அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டபோது கையில் காகிதத்தோடு தவித்தவர்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். அதில் 'இல்லை' என்று வந்தால் தரகர் முகம் மலர்ந்துவிடும். பதிவாகாத கூர்சீட்டு, பெட்டிக்குள் கிடக்கும் உயில், முன்சீப் கோர்ட்டில் ஓடும் வழக்கு எதுவும் அந்தத் தாளில் வராது. அப்பா இறந்த வீட்டை இரண்டு மகன்கள் விற்கிறார்கள் என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போடுகிறார்களா? "அவங்களுக்கு அப்பவே நகை போட்டுச் செஞ்சாச்சு" என்பது சட்டத்தில் விடுதலைப் பத்திரம் ஆகாது. கோயில் நகரங்களுக்கே உரிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அடிமனை யாருடையது என்று. சுவரும் ஓடும் விற்பவருடையதாக இருந்து, அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கலாம். தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், தரகருக்கும்தான். வெளியூரிலிருந்து வந்து வாங்குபவர் மட்டும் பத்திரம் எழுதும் நாளில் தெரிந்துகொள்வார்.

மறுபடி பிச்சாவரம். இந்த அலையாத்திக் காடு 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்பிருந்தே கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை இதைக் காத்து வருகிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையம் உண்டு. கடற்கரையிலிருந்து மட்டுமல்ல, அலையேற்றம் ஏறி இறங்கும் கழி, வாய்க்கால், ஆற்றுக் கரைகளிலிருந்தும் கட்டுப்பாடு தொடங்கும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கழிகள் பின்னிக் கிடக்கும் இந்த மண்ணில், கடல் கண்ணுக்கே தெரியாத மனையும் அதில் மாட்டலாம். பட்டா சுத்தமாக இருக்கும், வீடு கட்ட அனுமதி மட்டும் கிடைக்காது. கடலோர மேலாண்மை வரைபடத்தில் அந்தப் புல எண் எங்கே விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாவிட்டால் அது குற்றமில்லை. கேட்டதும் "அதெல்லாம் இங்க வராது சார்" என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் அப்படியே. 2004 சுனாமி பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டுக் கிராமத்தைச் சூறையாடியது, 2015 மழையில் கடலூர் மாவட்டமே மிதந்தது. தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் கதவில் கை வைத்தே காட்டிவிடுவார். விற்பவருக்கும் இதில் கடமை உண்டு. சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை தெரிந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும், மறைத்தால் மோசடிக்குச் சமம் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55.

விற்பவர்கள் தரகரிடம் அசல் பத்திரத்தைக் கொடுக்கவே கூடாது. "பார்ட்டிக்குக் காட்டணும்" என்று வாங்கிப் போவார். பார்ட்டிக்கு நகல் போதும், அசலை வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். முன்பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் யோசனை சொன்னால், அதன் அபாயம் விற்பவர் தலையில்தான். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமானவரித் துறை அபராதம் போட முடியும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். இருபது ரூபாய்த் தாளில் எழுதி ஆளுக்கொரு நகல் என்ற பழைய வழக்கத்தைத் தரகர் இன்னும் சிபாரிசு செய்கிறார் என்றால் ஆளை மாற்றிவிடலாம்.

பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்துக் குடும்பங்களில் சொத்துக்காரர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பது சகஜம். அப்போது தரகரே பவர் வாங்கிக்கொண்டு விற்க வருவார். பவர் பத்திரத்தால் மட்டும் சொத்து கைமாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும், பவர் கொடுத்தவர் அன்றைக்கு உயிரோடு இருக்கவும் வேண்டும். ஆகவே சொத்துக்காரரிடம் வீடியோ அழைப்பில் நேராகப் பேசி, அவருக்கு எவ்வளவு சொல்லப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். தரகர் பக்கத்திலேயே இருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது.