தடம் புரண்ட இடமும் சக்கரம் ஏறிய இடமும்



குடும்பத்தில் ஒருவரையொருவர் குறை சொல்வதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் இரயில் விபத்து. பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு எந்தப் பேச்சும் தண்டவாளத்தில் ஏறித்தான் வரும்.

1937 ஜூலை 17 அன்று, பீகாரில் பாட்னாவுக்கு அருகிலுள்ள பிஹ்டா என்னும் இடத்தில் பஞ்சாப் – ஹவுரா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வண்டியை இழுத்தது 'எக்ஸ்.பி.' என்ற வகை நீராவி இன்ஜின். இப்படியொரு விபத்து நடந்தால் உடனே இரண்டு குரல்கள் எழும். பாதைக்காரர்கள், "இன்ஜின் ஆடியது, அதனால் பாதை கெட்டது" என்பார்கள். இன்ஜின்காரர்கள், "பாதை கெட்டிருந்தது, அதனால் இன்ஜின் ஆடியது" என்பார்கள். இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

பிறகு பிரிட்டனின் இரயில்வே ஆய்வுத் தலைமை அதிகாரியாக இருந்த கர்னல் மவுன்ட் தலைமையில் 'பசிபிக் லோகோமோட்டிவ் கமிட்டி' என்று ஒரு குழுவை அமைத்தார்கள். இன்ஜினின் அமைப்பையும் பாதையின் நிலையையும் அக்குழு சேர்த்தே ஆராய்ந்தது. அந்த வகை இன்ஜின்கள் வேகம் கூடினால் பக்கவாட்டில் ஆடின. அந்த ஆட்டம் தண்டவாளத்தை நெளித்தது. நெளிந்த தண்டவாளம் அடுத்து வரும் வண்டியின் ஆட்டத்தைக் கூட்டியது. குற்றம் இருவருக்கும் நடுவே இருந்தது என்று சொன்னால் தவறாகாது.

அந்தக் குழுவின் கருத்தையொட்டி இன்னொரு காரியமும் நடந்தது. இரயில் விபத்தை விசாரிக்கும் அதிகாரி இரயில்வே வாரியத்தின் கீழ் இருக்கலாகாது என்று முடிவாகி, 1941 மே மாதம் அந்தப் பிரிவை வாரியத்திலிருந்து பிரித்து, தபால் மற்றும் விமானத் துறையின் கீழ் வைத்தார்கள். இன்றும் இரயில்வே பாதுகாப்பு ஆணையர் இரயில்வே அமைச்சகத்தைச் சேர்ந்தவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தவர். தன் வழக்கைத் தானே விசாரித்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

வீட்டில் நமக்கு அப்படி ஓர் ஆணையர் இல்லை. கணவனே வாதி, கணவனே சாட்சி, கணவனே நீதிபதி. மனைவியும் அப்படியே. ஒரே கூடத்தில் இரண்டு நீதிமன்றங்கள் நடக்கும்போது சமாதானம் எங்கிருந்து வரும்?

இந்தச் சக்கர விஷயத்தை இன்னும் சற்று விளக்க ஆசைப்படுகிறேன். இரயில் சக்கரத்தின் ஓடும் பகுதி உருளை போல நேராக இருக்காது. 20-க்கு 1 என்ற சாய்வில் லேசாகக் கூம்பியிருக்கும். இதனால் வண்டி ஒரு பக்கம் ஒதுங்கினால் தானாகவே நடுவுக்குத் திரும்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே சாய்வுதான், வேகம் மிஞ்சும்போது, சக்கரம் தேய்ந்திருக்கும்போது, வண்டியை இடமும் வலமுமாக விடாமல் அலைக்கழிக்கிறது. 'ஹண்டிங்' என்று நாங்கள் சொல்வோம். அது சக்கரத்தின் குணமா, தண்டவாளத்தின் குணமா? தனியாக ஒன்றின் குணம் என்று சொல்ல முடியாது. அதே சக்கரம் வேறு பாதையில் ஒழுங்காக ஓடும். அதே பாதையில் வேறு வண்டி ஆடாமல் போகும்.

அலுவலகத்தில் எல்லோரிடமும் பொறுமையாகப் பேசும் மனிதர் வீட்டுக்குள் கால் வைத்ததும் சீறுகிறார். அக்கம்பக்கத்தில் தங்கமானவர் என்று பெயரெடுத்த அம்மாள் மருமகளிடம் மட்டும் முள்ளாகப் பேசுகிறார். உடனே நாம், "வெளியில் வேஷம், உள்ளே சுயரூபம்" என்று தீர்ப்பெழுதி விடுகிறோம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சரியில்லாத தீர்ப்பு. அந்த இருவருக்கு நடுவில் ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

இன்னொன்று. தடம் புரண்ட இடத்துக்குப் போனால் நாங்கள் இரண்டு இடங்களைக் குறிப்போம். சக்கரத்தின் ஃபிளாஞ்ச் தண்டவாளத்தின் தலைமேல் ஏறிய இடம் ஒன்று. கீழே விழுந்த இடம் மற்றொன்று. ஏறிய சக்கரம் சிறிது தூரம் தண்டவாளத்தின் மேலேயே ஓடிவிட்டுப் பிறகுதான் விழும். சிலீப்பர் உடைந்திருப்பது, ஜல்லி சிதறியிருப்பது, கூட்டம் கூடி நிற்பது எல்லாம் விழுந்த இடத்தில்தான். ஆனால் காரணத்தைத் தேடுகிறவன் அளவுக்கோலை எடுத்துக்கொண்டு ஏறிய இடத்துக்குப் போய், அங்கிருந்து வண்டி வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும். பாதைக்காரரும் வண்டிக்காரரும் சேர்ந்தே அளந்து, ஒரே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர் தன் மறுப்பையும் அதிலேயே எழுதலாம். யார்மேல் நடவடிக்கை என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

வீட்டில் காப்பியில் சர்க்கரை குறைந்ததற்காகவா அவ்வளவு பெரிய சண்டை வரும்? அது விழுந்த இடம். ஏறிய இடம் மூன்று நாள் முன்பு ஊரிலிருந்து வந்த ஒரு போன் பேச்சாக இருக்கலாம். மூன்று வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் கொடுக்க மறந்ததாகவும் இருக்கலாம்.

உறவினரின் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தால் உறவே மிஞ்சாது என்ற கருத்தை ஔவையார் கொன்றை வேந்தனில் வைத்திருக்கிறார். நம்மில் பலர் அதை அரிச்சுவடியோடு படித்தவர்கள். ஆனால் எண்ணாமல் இருப்பது எப்படி என்பதை யாரும் கற்றுத் தரவில்லை. அதற்கு ஒரு வழியைக் காட்டியவர் நம் பக்கத்து ஊர்க்காரர். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-ஆம் ஆண்டு மதனப்பள்ளியில் பிறந்தார். அன்று அது கடப்பை மாவட்டம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவான பிறகு நெடுங்காலம் நம் மாவட்டமாக இருந்தது. அவர் பெயரோடு சேர்ந்த ரிஷிவேலிப் பள்ளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவருடைய தத்துவம் முழுவதும் எனக்கு விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை அவர் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஒருவரைப் பார்க்கும்போது அவரைப் பற்றி நாம் சேர்த்து வைத்திருக்கும் முடிவுகளைக் குறுக்கே நிறுத்தாமல் பார்க்க வேண்டும் என்பது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க், மனம் நோகாமல் பேசுவது பற்றித் தாம் எழுதிய நூலில் இந்தக் கருத்தைக் கிருஷ்ணமூர்த்தியின் பெயரைச் சொல்லியே எடுத்துக்கொண்டு, கண்டது வேறு, கணித்தது வேறு என்று பிரித்துக் காட்டினார். மதனப்பள்ளி எங்கே, அமெரிக்கா எங்கே!

இதை நம் வீட்டுப் பேச்சில் வைத்துப் பார்ப்போம். "நீங்க எப்பவுமே பொறுப்பில்லாதவர்" என்பது கணிப்பு. "இந்த மாசம் கரண்டு பில் கட்டல, அபராதம் வந்திருக்கு" என்பது கண்டது. இரண்டாவதற்குப் பதில் சொல்லலாம், பில்லைக் கட்டலாம். முதலாவதற்கு என்ன பதில் சொல்வது? "நான் பொறுப்பில்லாதவனா? உங்கப்பா என்ன பண்ணினார் தெரியாதா?" என்பதுதான் பதில். பில் அப்படியே கிடக்கும்.

சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜான் காட்மன் பல ஆண்டுகள் தம்பதிகளை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அதைப் படம் பிடித்து ஆராய்ந்தவர். ஒரு செயலைப் பற்றிய புகார் வேறு, ஆளைப் பற்றிய குறைகூறல் வேறு என்று அவரும் பிரிக்கிறார். குறைகூறல், இளக்காரம், தற்காப்பு வாதம், வாயை அடைத்துக்கொண்டு சுவர்போல் இருந்துவிடுவது ஆகிய நான்கும் மண வாழ்க்கையை அரிப்பவை என்பது அவர் முடிவு. இவற்றில் மிகக் கொடியது இளக்காரம் என்கிறார். நிலைத்து நிற்கும் தம்பதிகளிடம், வாக்குவாதத்தின் நடுவில்கூட, ஒரு கடுஞ்சொல்லுக்கு ஐந்து இணக்கமான சொல்லோ செயலோ இருந்ததாம். நம் வீடுகளில் வாயை அடைத்துக்கொள்வதைப் பொறுமை என்று புகழ்வது வழக்கம். அவர் அதையும் அந்த நான்கில் சேர்த்தது எனக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் சரியென்றே படுகிறது.

"எல்லாம் நானே செய்கிறேன்" என்ற மனக்குறைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1979-இல் மைக்கேல் ராஸ், சிக்கோலி என்ற இருவர் கனடாவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது! யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது ஒவ்வொன்றும் தனக்கு நினைவிருக்கிறது. மற்றவர் செய்ததில் பாதி கண்ணில் படுவதே இல்லை.

வெளியூரில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஊரில் அம்மாவுடன் இருக்கும் தம்பி, "அண்ணன் பணம் அனுப்பிட்டா முடிஞ்சுதா? ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறது யாரு?" என்கிறார். இங்குள்ள அண்ணன், "மாசாமாசம் மருந்துச் செலவு யார் கொடுக்கிறாங்க?" என்கிறார். இருவர் கணக்கையும் கூட்டினால் அந்த அம்மாவுக்கு இரண்டு ஆள் சேவை நடக்க வேண்டும். இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் தான் ஒரு பாரம் என்றுதான் அந்த அம்மா நினைத்துக்கொள்கிறார். அண்ணன் தம்பி வாதத்தில் யாருடைய கணக்கிலும் வராத இழப்பு அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழிசொல்வதை விடுவது என்றால் எதையும் கேட்காமல் விட்டுவிடுவது அன்று. விபத்து விசாரணையின் முடிவில் பொறுப்பானவர் பெயரும் எழுதப்படத்தான் செய்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம், "நடுவில் ஏதோ ஆடுகிறது" என்று எந்தப் பெண்ணும் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. அங்கே முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். வெளி மனிதரை அழைக்க வேண்டும்.

இனி நம் குடும்பங்கள் பலவற்றில் எரியும் விஷயத்துக்கு வருகிறேன். பல வீடுகளில் கண்டதைச் சேர்த்து ஒரே வீடாகச் சொல்கிறேன். பாட்டி குடியாத்தத்திலிருந்து காட்பாடி வந்து, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு இரயிலேறி வருகிறார். பேரன் ஓடிவந்து "அவ்வா" என்கிறான். தமிழ் புரிகிறது, படிக்கத் தெரியவில்லை. பாட்டி முகம் வாடுகிறது. "பெத்தவ வீட்டுல தமிழ் பேசி வளர்த்திருந்தா இப்படி ஆகுமா?" மருமகள் சமையலறையிலிருந்து, "அத்தை, உங்க பிள்ளை ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வர்றார். அவர் எப்போ பேசினார்?" கணவன், "நாள் பூரா பக்கத்து வீட்டுல தெலுங்குல அரட்டை அடிக்கிறது நானா?" பையன் புத்தகப் பையோடு மூலையில் நிற்கிறான். தமிழ் என்றால் வீட்டில் சண்டை வரும் விஷயம் என்பது அன்று அவனுக்குப் பாடமாகிறது.

பின்னோக்கி நடந்து அளந்து பார்ப்போம். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் இங்கேயே நின்றன. பையனின் பள்ளியில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழி; நாலாவதுக்கு மணி அடிப்பதில்லை. விளையாட்டுத் தோழர்கள் தெலுங்குப் பிள்ளைகள். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள்தான் மருமகள் பிரசவத்துக்குப் பத்தியம் சமைத்துக் கொடுத்தவர். அவரிடம் தெலுங்கு பேசாமல் வேறென்ன பேசுவது? இதில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மருமகளே இதற்கு வழி செய்தார். அடுத்த முறை பாட்டி அதே பேச்சை எடுத்தபோது, "அத்தை, எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் நேரம் அமையல. நீங்க தினம் பத்து நிமிஷம் போன்ல சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டாராம். பாட்டிக்கு உடனே பதில் வரவில்லையாம். ஊருக்குத் திரும்பும் வழியில் காட்பாடியில் இறங்கி, வேலூர் போய் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இரண்டு வாங்கியிருக்கிறார். ஒன்று பேரனுக்கு, ஒன்று தனக்கு. இப்போது இரவு எட்டு மணிக்குப் போன் மணி அடிக்கிறது. போன வாரம் பையன் 'மழை' என்பதை 'மலை' என்று படித்திருக்கிறான். "அந்த ழ-வோட நாங்களே தகராறு பண்றோம்டா, நீ மேலே படி" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாராம் பாட்டி.