எஸ்தாமினே
எஸ்தாமினே என்பது பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் காணப்படும், பியருடன் எளிய உணவும் பரிமாறும் சிறிய உணவகம் ஆகும். மாட்டிறைச்சியையும் வெங்காயத்தையும் பியரில் நெடுநேரம் வேகவைத்துச் செய்யப்படும் கார்பொனாட் இங்கு கிடைக்கும் உணவுகளுள் குறிப்பிடத்தக்கது. இது பெரும்பாலும் வறுத்த உருளைக்கிழங்குத் துண்டுகளுடன் உண்ணப்படுகிறது.

தொழிலாளரிடையே குடிப்பழக்கத்தைக் குறைக்கும் நோக்குடன், நீதி அமைச்சர் எமில் வாண்டர்வெல்டின் முயற்சியால் 1919 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இது பொது இடங்களில் காய்ச்சி வடித்த மதுவகைகளைப் பரிமாறுவதைத் தடை செய்தது. பியருக்குத் தடை இல்லாமையால் ஆல்ககால் மிகுந்த பியர் வகைகளுக்குத் தேவை கூடியது. 1983 இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் அத்தகைய பியர்கள் இன்றும் பெல்ஜியத்தின் அடையாளமாக உள்ளன. பெல்ஜியத்தின் பியர் பண்பாடு 2016 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.