வாய் வறண்டால் பல்லுக்கு ஆபத்து

மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வைத்திருக்கிறது என்று சொன்னாலே போதும், நம் வாயில் நீர் ஊறிவிடும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இப்படி உமிழ்நீர் சுரக்கிறது. அது குறைந்துபோனால் என்ன ஆகும்? அதைவிட முக்கியமாக, அதற்கு நாமே செய்துகொள்ளும் வைத்தியம் பல்லை என்ன செய்கிறது? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தஞ்சோங் பகார் வீவக வீட்டில் வசிக்கும் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்திற்கு நீர் பிரியும் மாத்திரை, மூக்கொழுகலுக்கு ஒவ்வாமை மாத்திரை, அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்கு ஒரு மாத்திரை என்று மூன்று சாப்பிடுகிறார். வாய் வறள்கிறது. சட்டைப்பையில் எப்போதும் புளிப்பு மிட்டாய் வைத்திருக்கிறார். உணவங்காடியில் உட்கார்ந்து சீனி போட்ட கோப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் குடிக்கிறார். இரண்டு ஆண்டுகளில் ஈறு ஓரமாக ஒவ்வொரு பல்லும் கறுத்து உடையத் தொடங்குகிறது. “வயசானால் பல் போகத்தானே செய்யும்” என்கிறார்.

வயதின் மீது மட்டும் பழி போடக்கூடாது. வாய் வறட்சிக்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் மருந்துகள்தான். மனச்சோர்வு மருந்துகள் பலவற்றுக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் காரணமாகலாம். ஷோக்ரன் என்ற நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குத் தரப்படும் கதிரியக்கச் சிகிச்சையிலும் சுரப்பிகள் சேதமடைகின்றன.

உமிழ்நீர் வெறும் தண்ணீர் அன்று. சாப்பிட்ட பிறகு வாயில் உண்டாகும் அமிலத்தை அது தணிக்கிறது. அமிலம் அரித்த இடத்தில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் படியவைக்கிறது. வாயின் அமில அளவு ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி அதைவிடப் பலவீனமானது. அளவு 6க்கு மேல் இருக்கும்போதே அது கரையத் தொடங்கிவிடும். முதியவர்களுக்கு ஈறு ஓரத்தில் பல் கெடுவது இதனால்தான். செயற்கைப் பல் பிடிமானம் இல்லாமல் ஆடுவதற்கும், நாக்கில் பூஞ்சை படர்வதற்கும் உமிழ்நீர்க் குறைவு காரணமாகலாம்.

இப்போது அந்தப் பெரியவரின் வைத்தியத்தைப் பாருங்கள். புளிப்பு மிட்டாய் உமிழ்நீரைத் தூண்டும், உண்மைதான். ஆனால் அதில் சர்க்கரையும் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றைக் கழுவிவிடும் அளவுக்கு அவருக்கு உமிழ்நீர் இல்லை. இருமல் மிட்டாயும் இனிப்புப் பானமும் அப்படியே. சாராயம் கலந்த வாய்கழுவும் திரவம் வறட்சியைக் கூட்டும். வெற்றிலை பாக்கு போட்டால் வாய் ஊறும் என்பாரும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்துவிட்டது.

அப்படியானால் எது நல்லது? முதலில் தண்ணீர். அடிக்கடி ஒரு மிடறு குடிக்கலாம். சிங்கப்பூர்க் குழாய் நீரில் 1950கள் முதல் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. புட்டியில் விற்கும் வடிநீரில் அது இல்லை.

இரண்டாவது, சர்க்கரை இல்லாத சூயிங்கம். சிங்கப்பூரில் 1992ல் சூயிங்கம் விற்பனை தடை செய்யப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2004ல் பல் நலத்துக்கான சூயிங்கத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். மெல்லும்போது சுரப்பிகள் தூண்டப்படுகின்றன. சைலிட்டால் போன்ற இனிப்பைக் கிருமிகளால் அமிலமாக்க முடியாது. ஆனால் சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் இது பலன் தரும்.

மூன்றாவது, செயற்கை உமிழ்நீர். தெளிப்பானாகவும் களிம்பாகவும் கிடைக்கிறது. இரவில் படுக்குமுன் பூசிக்கொண்டால் இதமாக இருக்கும். இவற்றிலும் சில அமிலத்தன்மை உடையவை. சொந்தப் பல் உள்ளவர்கள் அமிலமில்லாததைக் கேட்டு வாங்கவேண்டும்.

நான்காவது, பிலோகார்ப்பின் மாத்திரை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே எடுக்கவேண்டும். வியர்வை அதிகமாகும். கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், கண் அழுத்த நோயில் ஒரு வகை உள்ளவர்களுக்கும் ஆகாது.

இவற்றில் பெரும்பாலானவை வாய்க்கு இதம் தருபவை. பல்லைக் காப்பது ஃபுளோரைடு. சாதாரணப் பற்பசையில் அது பத்து லட்சத்தில் 1,000 முதல் 1,500 பங்கு இருக்கும். வறட்சி கடுமையாக இருந்தால் பல் மருத்துவர் 5,000 பங்கு உள்ள பற்பசையைத் தரலாம். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுவது நல்லது. கதிரியக்கச் சிகிச்சை தொடங்குமுன் பல்லைப் பரிசோதித்துக்கொள்வது மிக அவசியம். சிகிச்சைக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

ஓர் எச்சரிக்கை. வாய் வறள்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்றவோ, அளவைக் குறைக்கவோ வழி உண்டா என்று அவர் பார்ப்பார்.

நம் தஞ்சோங் பகார் பெரியவருக்கும் இதுதான் வழி. சட்டைப்பையில் இருக்கும் மிட்டாயை எடுத்துவிட்டு ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். கோப்பியைச் சீனி இல்லாமல், ஆறுவதற்குள் குடித்து முடிக்கட்டும். சாஸ் அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்துள்ள பல் மருந்தகங்களில் உதவித்தொகை கிடைக்கும். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைத்தால், அடுத்த ரயில் நிலையமான ஊட்ரம் பார்க்கில் இறங்கித் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குப் போய்வரலாம். உடைந்த பல் திரும்ப முளைக்காது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தால், இன்றே கேளுங்கள்: “தாத்தா, வாய் வறளுதா?”